துணி இல்லாதபோது நீ தைத்தது

இன்று காலை சிரம்பான் பசாரில் வெங்காயச் சாக்குகள் மழையில் நனைந்து கிடந்தன. அந்த ஈரச் சணல் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றேன்.

உன்னைப் பற்றிய படத்தைப் போன வாரம் மண்டபத்தில் போட்டார்கள். பார்க்க நீதான் இல்லை. உன் கடைசி வருஷங்களில் தெமியாங்கில் இருந்த உன் வீட்டுக்குக் கேமராவோடு வந்துபோன அந்தப் பெண், நீ வடிவமைத்த கல்யாண உடுப்புகளை எடுக்கத்தான் முதலில் வந்தாள். பெரிய வீட்டு மணப்பெண்கள் உன் வாசலில் காத்துக்கிடந்த காலம் அவளுக்குத் தெரியும். பார்வை மங்கி, துணியை விரலால் தடவி அறிந்துகொண்டிருந்த நீ சிரித்தாய்.

“இதெல்லாம் துணி இருந்தப்ப செஞ்சதும்மா. துணியே இல்லாதப்ப செஞ்சதக் கேளு. இவ கூடத்தான் இருந்தா,” என்று என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாய்.

கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம். கூலிக்காரர் குடியிருக்கும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு நமக்கு. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்டபோது கடைகளில் ஒரு முழத் துணிகூடக் கிடையாது. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே சேலை. ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். வேலைக்கு வராதவளுக்கு அரிசி இல்லை. லயத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் பட்டினி கிடந்தார்கள்.

நீ தோட்டத்து ஸ்டோரிலிருந்த பழைய சாக்குகளை யாரையும் கேட்காமல் எடுத்துவந்தாய். சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, ஆற்றில் அடித்து மெதுவாக்கினாய். மங்குஸ்தீன் தோலில் சாயம் ஏற்றினாய். அன்னாசி இலை நார்தான் நூல். “சுத்திக் கட்டிக்கிட்டாப் போதாதா?” என்று கேட்டேன்.

“போதாது. நாம என்ன மூட்டையா? இடுப்பு இடுப்பா தெரியணும்,” என்றாய்.

இடுப்பில் மடிப்பு, கழுத்தில் பட்டி, கைக்கு அளவான வெட்டு. அதைப் போட்டுக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நீ முதலில் போனாய். நாங்கள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜப்பான் அதிகாரி உன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி உன்னிடம் ஓடிவந்தார்.

“அவன் சாமான்ல கை வச்சிட்டியே புள்ள! தலையை எடுத்துடுவான் லா!”

“வேலைக்கு வான்னு சொன்னது அவன்தானே? என்னத்தக் கட்டிக்கிட்டு வரதுன்னு கேளுங்க, ஐயா.”

கிராணி அதிகாரியிடம் மலாய் மொழியில் என்ன சொன்னாரோ, அவன் பளீரென்று உன்னை ஓர் அறை அறைந்தான். நீ மண்ணில் சாய்ந்தாய். எழுந்து, கலைந்த மடிப்பைச் சரிசெய்துகொண்டு அதே இடத்தில் நின்றாய். அவன் உன்னைப் பார்த்தான்; சட்டையைப் பார்த்தான். கிராணியிடம் ஏதோ உறுமிவிட்டுப் போனான். அன்று மாலையே ஸ்டோர்க் கதவு திறந்தது. மீதிச் சாக்கெல்லாம் உன் வாசலுக்கு வந்தன. அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். நானும் அம்மாவும் ஒன்றாக வேலைக்குப் போனோம்.

படத்தின் கடைசியில் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாய். “பின்பக்கம் திறந்து கிடக்கு. எவன் வெட்டுனான் இதை?” என்று அவர்கள் கொடுத்த அங்கியைத் திட்டுகிறாய். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவியின் அங்கிக்கு, தடவித் தடவி நாடா வைத்துத் தைக்கிறாய். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் கடைக்குப் போவதென்றால்கூடச் சேலையைத் தேய்த்துத்தான் கட்டுகிறேன். பேத்திக்குச் சிரிப்பு.

“பசாருக்குத்தானே போறீங்க பாட்டி, என்ன இவ்வளவு ஸ்டைல்?”

“வெளிய போறேன் லா,” என்கிறேன்.