பட்டியலில் இல்லாத மண்வெட்டி

நாள் 212, காலை 09:10
செவ்வாய், சமவெளி முகாம், வண்டி எண் இரண்டு. ஓட்டுவது ஜெபக்கனி, நிலவியலாளர். இதை யார் எடுத்துப் படித்தாலும் அவருக்காக எழுதுகிறேன்.

பழைய சரக்குக் கலத்திலிருந்து கம்ப்ரஸரை எடுத்தாயிற்று. முகாமுக்கு இன்னும் முப்பத்திரண்டு கிலோமீட்டர். காற்று தயாரிக்கும் எந்திரம் கம்ப்ரஸர் போய் நேற்று நின்றுபோனது. எங்கள் மெக்கானிக் ரொசாரியோ கால் முறிந்து உள்ளே தனியாகப் படுத்திருக்கிறான். மாலை ஆறரை வரை அவனுக்குக் காற்று உண்டு. நான் ஒரு மணிக்கே போய்விடுவேன்.

மீட்புச் சாமான் சரிபார்ப்பு: வண்டியை இழுக்கும் வின்ச் ஒன்று, கயிறு முப்பது மீட்டர், பாறையில் அறையும் ஆணி நான்கு. எல்லாம் இருக்கிறது.

09:55
விதி 14: மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திச் சக்கரச் சூடு பார்க்க வேண்டும். நிறுத்தினேன், பார்த்தேன். சூடு சரி. வண்டிதான் கிளம்பவில்லை.

சாத்தான்குளத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் வண்டி ஓட்டிப் பழகியவள் நான். அங்கே டிராக்டர் ஓட்டுகிற எவனும் மணல்மேல் நிறுத்தமாட்டான். ஒன்றுக்கு முட்டினாலும் கெட்டித் தரை வரும்வரை அடக்கிக்கொள்வான். அது தெரிந்தும், தாளில் எழுதியிருக்கிறதே என்று நிறுத்தினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

10:50
முகாமுக்கு 26 கி.மீ. முன்சக்கரம் இரண்டும் அச்சுவரை புதைந்துவிட்டன. வின்ச் கயிற்றை இழுத்து, ஆணியை மணலில் அறைந்தேன். கூழில் குத்திய குச்சிபோலப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான்கும் அப்படியே. கண்ணுக்கெட்டிய தூரம் பாறை கிடையாது.

இதையும் எழுதிவைக்கிறேன். சாமான் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். மண்வெட்டி (எங்கள் ஊர் மம்பட்டி) ஒன்றும், சக்கரத்தடியில் போட மணல் பலகை இரண்டும் கேட்டேன். பன்னிரண்டு கிலோ அதிகம் என்றார்கள். சோதனை ஓட்டத்தைக் கல்குவாரியில் வைத்தார்கள், விருந்தினர் மாளிகைக்கு அதுதான் பக்கம். குவாரியில் எந்த வின்ச்தான் இழுக்காது? எல்லோரும் கைதட்டினார்கள். "செவ்வாய்க்கு மண்வெட்டியா அம்மா?" என்று ஒருவர் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்ததற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

11:35
முகாமிலிருந்து: "எக்கா, எங்க நிக்க? இங்க ஒண்ணும் அவசரமில்ல. தலை மட்டும் லேசா கனக்கு. நீ பைய வா."

அவன் புளுகுகிறான். அவசரமில்லை என்று அவன் சொன்னால் அவசரம் என்று அர்த்தம்.

12:10
பூமியிலிருந்து: "வண்டியை விட்டு இறங்க வேண்டாம். தோண்ட முயல வேண்டாம். வடக்கு முகாமின் தோண்டும் எந்திரம் நான்கு நாளில் வந்து சேரும். உங்கள் கேபின் காற்று ஐந்து நாளுக்குப் போதும். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."

நான் இருக்கிறேன். ரொசாரியோ? அவன் பெயரே அந்தச் செய்தியில் இல்லை. மூன்றுமுறை படித்துவிட்டேன்.

பதில் அனுப்பினேன்: "இறங்கிவிட்டேன். தோண்டிக்கொண்டிருக்கிறேன்."

13:00
சாப்பாட்டுத் தட்டால் தோண்டுகிறேன். தட்டு வளைகிறது. நிமிர்த்தித் தோண்டுகிறேன்.

ஊரில் லாரி புதைந்தால், கட்டி இழுக்க மரம் இல்லாவிட்டால் ஸ்டெப்னி டயரைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுவார்கள். மேலே கிடக்கும் மணலே அதைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஸ்டெப்னியும் எடைக் குறைப்பில் போய்விட்டது. அகலமாக, கெட்டியாக ஒன்று வேண்டும்.

வண்டியில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. கதவு.

13:20
கணக்குப் போட்டேன். கதவைக் கழற்றினால் கேபின் காற்று முழுக்கப் போய்விடும். பிறகு உடையில் இருப்பதுதான் என் மூச்சு, நான்கு மணி நேரம். கதவைப் புதைத்து வண்டியை இழுக்க ஒரு மணி. மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில் 26 கிலோமீட்டர் போக ஏறக்குறைய மூன்று மணி. மிச்சம் கைவிரலில் எண்ணக்கூடிய நிமிடங்கள். கதவைத் திரும்பத் தோண்டி எடுக்க நேரமில்லை. வழியில் இன்னொருமுறை புதைந்தால் அதோடு சரி.

பயமாக இருக்கிறது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, ஒருவன் மூச்சு நிற்பதை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

14:00
குழி இடுப்பளவு தோண்டிவிட்டேன். உடையில் காற்று நிரப்பியாயிற்று. கதவைக் கழற்றிவிட்டேன். இனி குரல்பதிவு.

14:45
கதவு குழியில் நிற்கிறது. மண்ணைத் தள்ளி மிதித்தேன். முதல் இழுப்பில் கதவு ஒரு சாண் நகர்ந்தது. போச்சு என்று நினைத்தேன். கயிறு விறைத்தது. நின்றது. கதவு அசையவில்லை. வண்டி அசைகிறது.

வா. வாடி என் ராசாத்தி. வா.

15:00
வெளியே வந்துவிட்டேன். கயிற்றை அவிழ்த்து அங்கேயே போட்டேன். ஓட்டுகிறேன்.

16:00
விதி 14 அலாரம் அடிக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். கதவு இல்லாததில் ஒரு வசதி.

17:10
இடது கையுறையின் சூடேற்றி செத்துவிட்டது. விரல்கள் எரிந்தன. இப்போது எரியவில்லை. அது நல்லதில்லை. இன்னும் ஆறு கிலோமீட்டர்.

முகாமிலிருந்து: "எக்கா... வரியா?"

வரேன்டா. தூங்காத. பேசிட்டே இரு. உங்க ஊரு இனிப்பு, அந்த மக்ரூன் செய்யறதச் சொல்லு. முட்டைய எவ்ளோ நேரம் அடிக்கணும், சொல்லு.

17:48
விளக்கு தெரிகிறது. காற்று பன்னிரண்டு நிமிடம். அவன் முந்திரி வரை வந்துவிட்டு நிறுத்திவிட்டான். ரொசாரியோ. ரொசாரியோ, முந்திரிக்கப்புறம் என்ன. சொல்லுடா

நாள் 213, காலை 08:30
சொல்வது ஜெபக்கனி. எழுதுவது ரொசாரியோ. இடக்கையில் மூன்று விரல் இனி வராது என்கிறார்கள் பூமியிலிருக்கும் டாக்டர்கள். வலக்கையிலும் கட்டு. இவன் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் மாட்டிய கம்ப்ரஸர் ஓடுகிறது. இவன் எழுதிக்கொண்டே நேற்று விட்ட இடத்திலிருந்து மக்ரூன் சொல்கிறான்.

பூமியிலிருந்து: "உத்தரவை மீறியதற்கும், வண்டி எண் இரண்டின் கதவை இழந்ததற்கும் எழுத்துமூலம் விளக்கம் தேவை. கதவு தற்போது எங்கே?"

பதில்: கதவு இழக்கப்படவில்லை. முகாமிலிருந்து 26 கிலோமீட்டரில், இடுப்பளவு ஆழத்தில், பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் சாமான் தேர்வுக் குழு நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வரும்போது மம்பட்டி கொண்டுவரவும்.