காலியாக இருந்த தவறுப் பதிவேடு

மார்ச் 2, திங்கள்

கடிதம் வந்தே விட்டது! 26-ஆம் தேதி தர ஆய்வு. போன தடவை "திருத்த வேண்டியவை அதிகம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்தத் தடவையும் அதே கதையென்றால் கிளினிக்கின் உரிமத்தை நிறுத்திவிடுவார்கள்.

டாக்டர் என்னைத்தான் ஆய்வுப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார். பத்தொன்பது வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவளுக்கு ஒரு பதவி! வீட்டில் இவரிடம் சொன்னேன். "அப்போ இனிமே உங்கிட்ட பேசணும்னா டோக்கன் வாங்கணுமா?" என்றார். வாங்கத்தான் வேண்டும்.

மார்ச் 3

மொத்தம் நாற்பத்து மூன்று அம்சங்கள். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலைக் குறிப்பு, ஆக்ஸிஜன், தீயணைப்பான் எல்லாம் சரியாக இருக்கின்றன. நர்ஸ் இதிலெல்லாம் புலி. முப்பத்தொன்றாவதில் மாட்டிக்கொண்டோம். தவறுகள் பதிவேடு. கிளினிக்கில் நடந்த தவறுகளை நாமே எழுதிவைக்க வேண்டுமாம். நான்கு வருடம் முன்பு முதல் பக்கத்தில் தேதி போட்டிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு எழுத்து இல்லை.

டாக்டருக்கு அதில் பெருமை. "தப்பு நடந்தாத்தானேம்மா எழுதறதுக்கு!"

ஆய்வு அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பெண் சிரித்தாள். "நாலு வருஷமா காலியா? அப்போ ஒண்ணு, அங்க மனுஷங்க யாரும் வேலை பார்க்கல. இல்லைன்னா மறைக்கிறீங்க."

எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 5

பதிவேட்டை மேஜைமேல் வைத்துப் பேனாவையும் நூலால் கட்டிவிட்டேன். ஒருவரும் தொடவில்லை. "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கணுமாக்கா?" என்று கேட்கிறாள் நர்ஸ்.

மார்ச் 6

முதல் தவறு கிடைத்துவிட்டது!! துப்புரவு செய்யும் அம்மா நேராக வந்து, "எழுதிக்கோம்மா. காலையில ஈரத் தரையில போர்டு வைக்க மறந்துட்டேன். ஒரு பெரியவர் வழுக்கி, சுவரைப் பிடிச்சுத் தப்பிச்சார்" என்றார். அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன். வீட்டில் இவர் சொல்கிறார்: "தப்பு கிடைச்சதுக்கு இந்தக் குதி குதிக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்."

மார்ச் 10

நான்கு ஆகிவிட்டது! நர்ஸே இரண்டு எழுதியிருக்கிறாள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துக் குப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி நொடியில் கவனித்தாளாம். உடனே ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டோம். இவ்வளவு சுலபமா இது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போகும்போது நர்ஸ் கேட்டாள்: "நீங்க ஒண்ணும் எழுதலையேக்கா?"

மார்ச் 11

பேனாவை எடுத்தேன். எழுதாமலே வைத்துவிட்டேன்.

மார்ச் 12

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். டிசம்பரில் ஒரு பஸ் டிரைவரின் ரத்த ரிப்போர்ட்டை வேறொருவர் ஃபைலில் வைத்துவிட்டேன். ஒரே பெயர், ஒரே இனிஷியல். பதினோரு நாள் கழித்து நானே கண்டுபிடித்து, சத்தமில்லாமல் எடுத்து மாற்றிவைத்தேன். நல்லவேளை, ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாது.

ஏன் நடந்தது? நான் ஃபைல் நம்பரைப் பார்ப்பதே இல்லை. முகத்தைப் பார்த்தால் ஃபைல் இருக்கும் இடம் தெரியும். "இவங்கதான் எங்க கம்ப்யூட்டர்" என்று டாக்டர் நோயாளிகளிடம் பீற்றிக்கொள்வார். எழுதினால் அந்தப் பெயர் போச்சு. வேலையே போகலாம்.

எழுதலைன்னா? ஒண்ணு இப்படிப் போயிருக்குன்னா இன்னும் எத்தனை போயிருக்கும்? ஐயோ, இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவே இல்ல நான்?

மார்ச் 13

பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். டாக்டர் படித்தார். மூடினார். மறுபடி திறந்து படித்தார்.

"இதை ஆய்வுக்கு வர்றவங்க படிப்பாங்களேம்மா."

"அதுக்குத்தானே சார் எழுதறது?"

பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருப்புக்கொள்ளாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 14, சனி

காலையில் டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். "எல்லா ஃபைலையும் இறக்குங்க. ஒவ்வொரு தாளிலயும் நம்பரைப் பார்த்துடணும்."

இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன! மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு நால்வரும் தரையில் உட்கார்ந்தோம். துப்புரவு அம்மா தூசி தட்டித் தர, நர்ஸ் நம்பர் படிக்க, நாங்கள் இருவரும் சரிபார்த்தோம். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒரே சிரிப்பும் சத்தமும். பாதிதான் முடிந்தது, மீதி நாளைக்கு. இதுவரை இடம் மாறியவை இரண்டு. இரண்டும் பழசு, பாதகமில்லை. இவரும் உதவிக்கு வருகிறேன் என்றார். நோயாளிகள் ரகசியம், சாப்பாடு மட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

மீதி ஃபைல்களை இன்று எடுத்தோம்.

நாலு மணிக்கு நர்ஸ் ஒரு தாளை எடுத்தாள். தெருமுனை பேக்கரிக்கார அக்காவின் சிறுநீரக ரிப்போர்ட். தேதி ஜனவரி 9. இருந்தது அதே பெயருள்ள இன்னொருவர் ஃபைலில். ஓரத்தில் என் கையெழுத்து. டாக்டர் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் அக்கா, கால்வலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறார். இந்த ரிப்போர்ட்டோடு அந்த மாத்திரையைப் போடவே கூடாதாம். ரெண்டு மாசமா போட்டுக்கிட்டு இருக்காங்க!

அக்கா போனை எடுக்கவில்லை. நான் ஓடினேன். இந்த வயதில், மூன்று தெரு. கல்லாவில் அக்கா. "அந்தக் கால்வலி மாத்திரையை நிறுத்துங்க! கிட்னி ரிப்போர்ட் சரியில்ல!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நோயாளி ரகசியம் அம்போ. இதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

மார்ச் 16

ரிப்போர்ட் இடம் மாறியது, கடையில் கத்தியது இரண்டையும் ஏற்றினேன். அதற்குக் கீழே டாக்டர் கையெழுத்தில் ஒன்று:

"டெஸ்டுக்கு அனுப்பியது நான். ரிப்போர்ட் வந்ததா என்று நான் கேட்கவில்லை. இது என் தவறு."

பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். இனி அனுப்பும் ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு பட்டியலில் எழுதி, ரிப்போர்ட் வந்தபின்தான் அந்த வரியை அடிக்க வேண்டும் என்று முடிவு. நம்பர் பார்க்காமல் எந்தத் தாளும் உள்ளே போகாது. நானே போட்ட சட்டம்.

மார்ச் 18

பேக்கரிக்கார அக்காவின் புது ரிப்போர்ட் வந்தது. சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது. ஆனால் இப்போது நிறுத்தியதால் பெரும்பாலும் தேறிவிடும் என்கிறார் டாக்டர். "இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா..." என்றார். அக்காவிடம் "தப்பு எங்களுதுதான்" என்று மன்னிப்புக் கேட்டாராம். யாருடையது என்று சொல்லவில்லை.

மார்ச் 26

ஆய்வு! ஆய்வுக்கு வந்த அம்மா ஃப்ரிட்ஜைப் பத்து நிமிடம் பார்த்தார். பதிவேட்டை ஒன்றரை மணி நேரம் படித்தார். இருபத்தாறு தவறுகள்! கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க இதுக்கு முன்னாடி காலியா வெச்சிருந்த வருஷங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றார். திட்டா, பாராட்டா?

ஏப்ரல் 9

"நன்று" என்று வந்திருக்கிறது!!! டாக்டர் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். நர்ஸ் பேக்கரியில் கேக் வாங்கிவந்தாள். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. எந்த முகத்தோடு போவது?

ஏப்ரல் 20

பேக்கரிக்கார அக்கா வந்தார். இந்த மாத ரிப்போர்ட் நன்றாகத் தேறியிருக்கிறது! டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"எங்க தப்புன்னார் டாக்டர். எங்கன்னா யாரோடது?"

ஹாலில் ஏழெட்டுப் பேர். "என்னோடதுதான்க்கா. நம்பரைப் பார்க்காம வேற ஃபைல்ல வெச்சுட்டேன்."

"புக்குல எழுதுவீங்களாமே. காட்டு."

அவருடைய ரிப்போர்ட் பற்றிய பக்கத்தை மட்டும் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். பேனாவை நூலோடு இழுத்து, என் பதிவுக்குக் கீழே எழுதிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். தைரியம் வந்து நான் அதைப் படிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"படித்தேன். கோபம் தீரவில்லை. இனிமேல் என் ரிப்போர்ட்டை இந்தம்மாவே வாங்கி வைக்கட்டும். வேறு யாரும் தொட வேண்டாம்."

அக்காவின் இந்த மாத ரிப்போர்ட்டை எடுத்து, ஃபைல் நம்பரைப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். வைத்தேன்.