கட்டாமல் விட்ட கை

என் கோபத்துக்கும் அன்புக்கும் என்றைக்கும் உரியவரே,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே கண்ணீர் அஞ்சலி என்று நாலு வரி எழுதலாம் என்று உங்கள் கூட்டாளிகள் வந்து கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டிய சேதி இருக்கிறது, கடிதமாக எழுதித் தருகிறேன், போடுவதானால் அதைப் போடுங்கள் என்றேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். நாம் போட்ட சண்டையெல்லாம் கம்போங் கப்பூர்த் தெரு முழுக்கக் கேட்டதுதானே.

ஆனால் எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறேன், அடுப்பில் ஒன்றுமில்லை. துணி காய்ந்துவிட்டதா என்று வாசல் நடைபாதை ஐந்தடிக்குப் போய்ப் பார்க்கிறேன், துவைத்த துணியே இல்லை. "உனக்குக் கால்ல சக்கரம் சரோ" என்பீர்கள். நம் கோமுவும் என்னைப் போலத்தான். அந்தப் பிள்ளைக்குப் போய் ஆண்டவன் இப்படி ஒரு நோயைக் கொடுத்தானே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மகள் கோமளாவுக்கு உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. பிறவிக் கோளாறு. மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், யாரோ கொடுத்த ரத்தத்தைப் போத்தலில் தொங்கவிட்டு, ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். ஊசி இரும்பு. கையோ ஏழு வயதுப் பிள்ளையின் கை. அது கொஞ்சம் அசைந்தாலும் ஊசி முனை நரம்பைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். கை புடைத்துக் கறுத்துவிடும். பிறகு வேறு இடத்தில் குத்த வேண்டும்.

அதனால் கையை ஒரு பலகையில் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டுவார்கள். கட்டினாலும் இவள் நிற்பாளா? பலகையோடு எழுந்து ஓடப் பார்ப்பாள். அம்மா பிடிச்சுக்கட்டும் என்பார்கள். நான் பிடிப்பேன். தோளை ஒரு கையாலும் பலகையை ஒரு கையாலும் அழுத்திக்கொண்டு, அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

நீங்கள் அப்போது எங்கே இருப்பீர்கள்? வராந்தாவில். "என்னால பாக்க முடியலை சரோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பீர்கள். எல்லாம் முடிந்ததும் சீவின ஐஸில் பாகு ஊற்றித் தருகிற ஐஸ் கச்சாங் வாங்கித் தருகிறேன் என்று சிரித்துக்கொண்டு வருவீர்கள். பிள்ளை உங்கள் தோளில் தாவிவிடும். அமுக்கிப் பிடித்தவள் நான், தூக்கிக்கொண்டு போகிறவர் நீங்கள். அவள் யாரை அப்பா அப்பா என்று சுற்றுவாள்? எனக்கு எரியும். இப்போதும் எரிகிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் வராந்தாவில் நீங்கள் சும்மா நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது திடீரென்று சொன்னீர்கள். "இரும்பு உள்ள போறதுக்குத்தான் வேணும். போனப்புறம் அது அங்க எதுக்கு உக்காந்திருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இரும்பு இல்லாம ரத்தம் எப்படிப் போகும்? மந்திரம் போட்டா போகும்?" என்றேன்.

"வேற ஏதாச்சும் மெத்துனு இருக்கணும். கை மடங்கினா அதுவும் மடங்கணும்."

அன்றோடு பிடித்தது சனியன். முதலில் வெள்ளி. பஃபலோ ரோட்டு ஆசாரியிடம் கெஞ்சி, ஊசி போல மெல்லிய வெள்ளிக் குழாய் செய்து வாங்கி வந்தீர்கள். வளைந்தது, உண்மைதான். வளைத்த இடத்தில் குழாய் நசுங்கித் தண்ணீர் நின்றுபோனது. நிமிர்த்தினால் நிமிரவும் இல்லை. சைக்கிள் வால்வுக்குப் போடுகிற ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு சில வாரம் அலைந்தீர்கள். அதுவும் ஆகவில்லை.

பிறகு உங்கள் தொழிலே உங்களுக்கு வழி சொன்னது. வயர்மேன் வேலை. மெல்லிய வயர் ஒன்றைப் பல்லால் கடித்து, மேலே இருக்கிற பிளாஸ்டிக் தோலை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை மட்டும் உருவினீர்கள். தோல் குழாயாக உங்கள் விரலில் நின்றது. "பாத்தியா? கம்பி வந்துடுச்சு, தோல் நிக்குது. ஊசி மேல இதை மாட்டி உள்ள தள்ளிட்டு, ஊசியை மட்டும் இப்படி உருவிட்டா?" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை.

தேக்கா மார்க்கெட்டில் குழம்புக்கு வாங்கிவந்த கோழித் தொடையெல்லாம் ஓட்டை. நான் திட்டினேன், நீங்கள் குத்தினீர்கள். ஊசி போகும், குழாய் போகாது. தோலில் இடித்துச் சட்டைக்கை போலச் சுருண்டு மேலேயே நின்றுவிடும். நுனியை மெல்லிசாக்க விளக்கில் காட்டி இழுத்துப் பார்த்தீர்கள். மெல்லிசானால் கிழிந்தது, கிழியாமல் இருந்தால் தடித்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஆனாலும் ஒன்றே ஒன்று ஒரு நாள் ஒழுங்காகப் போனது, அதைத் துணியில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினீர்கள்.

அந்தச் சீன டாக்டரம்மா நல்லவர். சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நுனியைப் பார்த்தார், விரலால் வளைத்துப் பார்த்தார். அவர் சொன்னதை அங்கே நர்ஸாக இருக்கிற மிசி ரோஸ்லின்தான் நமக்குத் தமிழில் சொன்னது. "யோசனை சரிதானாம் அண்ணே. வெளிநாட்டுல இந்த மாதிரி செய்யறாங்களாம், இங்கயும் வருமாம். ஆனா இது வயரு. இதுல என்னென்ன கலந்திருக்குனு யாருக்கும் தெரியாது. நுனி உள்ள முறிஞ்சு ரத்தத்தோட ஓடிடுச்சுன்னா யாரு போய்த் தேடுறது? பிள்ளை உடம்புல போட முடியாதுலா."

நீங்கள் அதைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்து, ஜாலான் புசார் வரைக்கும் நடந்துவிட்டு வந்து, "அவங்க சொல்றது சரிதான்" என்றீர்கள். அதற்குப் பிறகும் கோழியை விடவில்லை. தோ பாயோவில் புதுக் கட்டடத்தில் வேலைக்குப் போய், ஏணியிலிருந்து விழுந்து, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். போகிறவர் என்னையும் அவளையும் ஒரு நல்ல நிலையில் வைத்துவிட்டாவது போயிருக்கக் கூடாதா?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், உங்களுக்குப் பிறகு கோமு என் பக்கத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். நான் தலை வாரக் கூப்பிட்டால் அடுத்த வீட்டு அக்காவிடம் போய் நிற்பாள். குளிப்பாட்டப் போனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். சாதாரணமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்கூட முதலில் கையைத்தான் ஒளிப்பாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அவள் மனம் கல் இல்லை. நான் தொட்டாலே பிடிக்கத்தான் வருகிறேன் என்று நினைக்கிறாள், வேறென்ன நினைப்பாள்? முன்பாவது தூக்கிக்கொண்டு போக நீங்கள் இருந்தீர்கள். இப்போது பிடிக்கிறவளும் நான், வீட்டுக்கு அழைத்துப் போகிறவளும் நான். என் மகள் என்னைக் கண்டு பயப்படுகிறாள். இதைச் சொல்லி அழ எனக்கு ஆளில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இனி சேதிக்கு வருகிறேன்.

போன தடவைக்கு முந்தின தடவை போனபோது மிசி ரோஸ்லின் ஓடிவந்து, "அக்கா, அண்ணன் சொன்ன சாமான் வந்துடுச்சு" என்றது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் மாதிரிக்கு வந்திருக்கிறதாம். டாக்டரம்மா அதில் ஒன்றைக் கோமுவுக்கென்று முந்தின நாளே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாராம்.

போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு வெள்ளைச் சுருள் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒன்று, எடுத்து வைத்திருந்த ஊசியைப் பார்த்ததும் உறையைப் பிரித்து, மற்ற ஊசிகளோடு சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டது. அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே எதைத்தான் கொதிக்க வைக்காமல் விடுகிறார்கள்? ஊசி, கண்ணாடிக் குழல், கத்தரிக்கோல் எல்லாம் கொதித்துத்தானே வரும். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளாஸ்டிக் மட்டும் சட்டியில் போட்ட இறால் மாதிரி சுருண்டு கிடந்தது.

இதையெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்று அந்த வார்டே என்னைப் பார்த்தது. "இதுக்காக எம்புருஷன் எத்தனை கோழியைக் கெடுத்தாரு தெரியுமா?" என்று நான் கத்தினேனாம், ரோஸ்லின் பிறகு சொல்லிச் சிரித்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. மற்றவை வேறு பிள்ளைகளுக்குப் போய்விட்டன. "ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கக் கூடாதா அக்கா? அடுத்த தடவை நானே வாங்கி பத்திரமா வைக்கிறேன்" என்று சொல்லி ரோஸ்லின் பழைய ஊசியையும் பலகையையும் எடுத்து வந்தது. நான் பிடித்தேன். கோமு குனிந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தாள், நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஊசி நரம்பைக் கிழித்துவிடும் அல்லவா? நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அதற்கு அடுத்த தடவை, அதாவது போன வாரம், ரோஸ்லின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒட்டியிருந்த உறையை டாக்டரம்மா என் கண்ணெதிரே பிரித்தார். அது நீங்கள் நினைத்த மாதிரியேதான் இருந்தது. உள்ளே இரும்பு, மேலே குழாய். ஆனால் அந்த நுனியைப் பார்த்தேன். குழாய் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவினால்தான் தெரியும் போலிருந்தது, அவ்வளவு மெல்லிசாக இரும்போடு ஒட்டி நின்றது. உங்களுக்கு வராதது அந்த ஒன்றுதான். வேறெல்லாம் உங்களுக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது, தப்பாகவும் இருக்கலாம்.

குத்தும்போது வலிக்கத்தான் செய்தது. கோமு அலறினாள், நான் பிடித்தேன். உள்ளே ரத்தம் தெரிந்ததும் டாக்டரம்மா ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, குழாயை மட்டும் மெல்ல முன்னால் தள்ளினார். பிறகு இரும்பை முழுவதும் உருவி, தூக்கி எனக்குக் காட்டிவிட்டுத் தட்டில் போட்டார். போத்தலிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்தது. பிளாஸ்டர் ஒட்டினார்கள். நான் வழக்கம்போலப் பலகைக்காகக் கையை நீட்டினேன், தோளை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா என் கையைத் தட்டி, மலாயில் "தா பாயா பெகாங்" என்றார். பிடிக்க வேண்டாமாம்.

விட்டுவிட்டேன். விட்ட பிறகு இந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சேலையைச் சரிசெய்தேன். கட்டில் கம்பியைத் துடைத்தேன். ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன். கோமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது பாய்வேன் என்று. நான் பாயவில்லை. விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு முழங்கையைக் கொஞ்சம் மடக்கினாள். நான் சட்டென்று போத்தலைப் பார்த்தேன். சொட்டு நிற்கவில்லை. கை புடைக்கவில்லை. அவள் அந்தக் கையாலேயே மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

"ஏம்மா நடந்துக்கிட்டே இருக்கே?" என்றாள்.

பல மாதத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் கேட்ட கேள்வி அது. "சும்மாதான்" என்றேன்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். பிறகு அவள் அந்தக் கையை, ஊசி போட்டிருந்த அதே கையை, மெல்லத் தூக்கிக்கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கடித்த தழும்பு இருந்த என் மணிக்கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் அழுதேன், அதை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் அன்று வராந்தாவில் நின்றிருக்க வேண்டியதில்லை. உள்ளே வந்து பார்த்திருக்கலாம். இந்த நினைப்பு வந்தால்தான் எழுதுவதை விட்டு எழுந்து எழுந்து போகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த ஊசி அடுத்த மாதம் வருமா என்று ரோஸ்லினுக்கே தெரியாது. வந்தாலும் நோய் போகப்போவதில்லை. இன்னும் எத்தனை வருஷம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், அவர் என் முதுகைத் தடவினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? நீங்கள்தான் எதற்கும் ஒரு வழி யோசிக்கிறவர், அங்கிருந்தாவது யோசியுங்கள்.

என் பங்குக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த உறைக்காக ஒவ்வொரு தடவையும் போய் நிற்பேன், இல்லை என்றால் வார்டு அதிரக் கத்துவேன். பழைய ஊசிதான் என்றால் பலகையோடு பிடிக்கத்தான் வேண்டும், பிடிப்பேன், அவள் கடித்தால் கடிக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீட்டில், தெருவில், எங்கேயும், அவளாக நீட்டினால் ஒழிய அவள் கையை நான் பிடிக்க மாட்டேன். இன்று காலை தேக்காவுக்குப் போகும்போது ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் சும்மா நின்றேன். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, கையை நீட்டினாள்.

உங்கள் கோமுவைப் பெற்றவள்,
உங்கள் சரோஜா