பாரிவாக்கத்தில் நான் மாற்றிச் சொன்னது

செவ்வாய்க்கிழமை.

எங்கள் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளிக்குத் தரம் போட டெல்லியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பள்ளி தொடங்கிய நாளிலிருந்தே பாரிவாக்கம் மக்களுக்காக உழைக்கிறோம் என்று டீன் பெருமையாக வரலாறு சொன்னார். அங்கேயே அழைத்துப் போனோம். கைக்குழந்தையோடு நின்ற மேரியிடம் அம்மையார் பேச, நான் மொழிபெயர்த்தேன்.

"ஊடு ஊடா வந்து ரத்தம் எடுத்துகினு போனீங்களே மேடம், எங்களுக்கு இன்னா கீதுன்னு யாருமே வந்து சொல்லலியே?" என்றாள் மேரி.

டீன் என்னையே பார்த்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருக்கிறது.

"நீங்கள் வருவதே சந்தோஷம் என்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அம்மையார் மேரியைக் கும்பிட்டார். பதில் வரும் என்று நம்பி மேரியும் கும்பிட்டாள்.

வேனில் டீன் சொன்னார்: "இனிமே பாரிவாக்கம் உங்க பொறுப்பு. வாராவாரம் சனிக்கிழமை போயிடுங்க."

சனிக்கிழமை மேரி கேட்பாள்.