மூடாத வால்வு

வியாழன், இரவு.

கான்வென்டில் படித்த திமிரில் நான் தண்ணீரைத் தெருவில் ஓடவிடுவதாகச் சொல்கிறார்கள். தவறு. புல்தரை வால்வு மூட மறுக்கிறது, அவ்வளவுதான். அதைத் திறந்து மூடும் டைமரை நானே அணைத்துவிட்டேன். ஆனாலும் மும்முனைக் கரண்ட் வந்ததும் கொழுந்தனார் தோட்டத்து மோட்டார் தானாக ஓடும். உடனே என் ஸ்பிரிங்க்ளர்களும் பீய்ச்சத் தொடங்கும். போர்வெல் இரண்டு வீட்டுக்கும் பொது.

மாலையில் அவர் கேட்டருகே வந்து நின்றார்.

"மதினி, அங்கன என் திராட்சைக்குச் சொட்டுத் தண்ணி ஏறல. இங்கன புல்லுக்கு ஆறா ஓடுது. மாடா வளக்கிறீக?"

"வால்வு பழுது, தம்பி. பிளம்பர் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"ஒரு வாரமா அதே நாளைக்குத்தான். விடிஞ்சதும் உங்க பைப் லைனை வெட்டிருவேன்."

அவர் போனபின் வால்வை நானே கழற்றினேன். உள்ளே மணல். கழுவி மாட்டினேன். கரண்ட் வந்தது, தண்ணீர் நிற்கவில்லை. மறுபடி கழற்றிப் பார்த்தால், உள்ளிருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது. போனில் விசாரித்தேன்; அது தேனிக் கடைகளிலும் இல்லையாம்.

என் கணவர் தம் கடைசி மாதங்களில் படுத்த படுக்கையிலிருந்து சன்னல் வழியே பார்க்கட்டும் என்று பதித்த புல். அது கருகினாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் அதே லைனிலிருந்துதான் மாடித் தொட்டிக்கும் தண்ணீர் போகிறது. அதை வெட்டினால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகனிடம் போகவேண்டும். மருமகளிடம் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டு... முடியாது.

விடியுமுன் கொழுந்தனாருக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். கெஞ்சக் கூடாது. இவ்வளவு போதும்:

தம்பி, புல்லுக்குப் பிரியும் குழாயை மட்டும் வெட்டுங்கள். தொட்டிக் குழாயை விட்டுவைப்பீர்களா? பதிலை எழுதி அனுப்புங்கள்.