ஓடாத இயந்திரத்துக்கு மதிப்பெண்

சேலம்
19.1.2009

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் சுகம் என்பதை வந்து சேர்ந்த மிளகுப் பையே சொல்லிவிட்டது. ஓர் உதவி வேண்டும். பிப்ரவரியில் எங்கள் பொறியியல் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு வருகிறது. பாடம் நடத்தினோமா என்பதோடு விட மாட்டார்கள். கூடி வேலை செய்வது, மக்களின் பாதுகாப்பை எண்ணுவது போன்ற குணங்கள் மாணவர்களுக்கு வந்திருக்கின்றனவா என்று ஆதாரம் கேட்பார்கள். துறைத் தலைவர் என்பதால் நான்தான் காட்ட வேண்டும்.

என் மாணவர்கள் ஐந்து பேர் உங்கள் மலையூரில் சாமை உமி நீக்கும் இயந்திரம் வைத்தார்களே, அது நன்றாக உதவுகிறது என்று ஓய்வுபெற்ற ஆசிரியரான நீங்கள் இரண்டு வரி எழுதினால் போதும். கோகிலவாணி என்ற பெண் மட்டும், ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கு ஃபெயில் போட்டிருக்கிறேன்.

தங்கள்
தனபால்

வளப்பூர் நாடு
24.1.2009

மாப்பிள்ளை தனபாலுக்கு ஆசிகள்.

ஓடாத இயந்திரத்துக்கு நற்சான்று கேட்கும் முதல் ஆள் நீதான். அன்று நான் அங்கே இருந்தேன். பெல்ட்டுக்கு மூடி போடாமல் ஓட்டினார்கள். பக்கத்து வீட்டு மயிலாத்தாளின் முந்தானை சிக்கிவிட்டது. கோகிலவாணி ஓடிப்போய் சுவிட்சை அணைத்ததால் கழுத்து தப்பியது.

"நாளைக்கு ஓட்டிக் காட்டிரலாம். மூடிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள் பையன்கள்.

"அப்புறம்னா, இன்னொருத்தர் மாட்டுன அப்புறமா?" என்றவள் பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் வகுப்பில் சாலையைக் கடப்பது பற்றி நடத்துவேன். எல்லாப் பிள்ளைகளும் சரியாக எழுதும். யார் கற்றார்கள் என்பது ரோட்டில் லாரி வரும்போதுதான் தெரியும். உன் மாணவர்களுக்கு அன்று லாரி வந்தது.

உன் அக்கா ருக்குமணி கேட்கிறாள்: "ஏனுங்க, உசுரக் காப்பாத்துன புள்ளைக்கு ஃபெயிலா? என்ற தம்பி காப்பி அடிச்சுத்தான் பாஸ் பண்ணுனானாட்ட இருக்குது."

அன்புடன்
அர்த்தனாரி

சேலம்
2.2.2009

அன்புள்ள மாமா,

நான் காப்பி அடித்ததில்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். மாணவர்கள் தமக்குத் தாமே போட்ட மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தேன். பையன்கள் எல்லாக் குணத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. கோகிலவாணி, கூடி வேலை செய்வதற்குத் தனக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறாள்.

நடந்ததை எழுதினால், ஐவரில் ஒருத்திதான் பாதுகாப்பைக் கற்றாள் என்றாகும். அங்கீகாரமும் என் பதவியும் ஆட்டம் காணும். "இயந்திரம் மேம்படுத்தப்பட்டு வருகிறது" என்றாவது எழுத முடியுமா?

தனபால்

வளப்பூர் நாடு
9.2.2009

அன்புள்ள மாப்பிள்ளை,

இயந்திரத்தின் மேல் கோழி அடைகாக்கிறது. அதை மேம்பாடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பார்த்ததை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கோப்பில் வைப்பதும் கிழித்துப் போடுவதும் உன் விருப்பம். எதைச் செய்தாலும் பலாப்பழத்துக்கு நீ வந்தாக வேண்டும் என்கிறாள் உன் அக்கா. நானும்தான்.

அர்த்தனாரி

சேலம்
27.4.2009

அன்புள்ள மாமா,

கோப்பில் வைத்தேன். குழு முழுக் காலத்துக்கு அங்கீகாரம் தரவில்லை. குறையைச் சரிசெய்து காட்ட இரண்டு ஆண்டு கொடுத்திருக்கிறது. ஜூன் முதல் துறைத் தலைவர் வேறொருவர். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கோகிலவாணிக்குப் பாஸ் போட்டுவிட்டேன். பையன்களுக்கு மதிப்பெண் குறைத்தேன்.

நேற்று அந்த நால்வரும் வந்து நின்றார்கள். "சார், மூடி செஞ்சுட்டோம். கோகிலவாணிகிட்ட பெல்ட்டையும் வாங்கிட்டோம். மலைக்குப் போயி மாட்டிட்டு வரட்டுங்களா?"

"மார்க் எல்லாம் அனுப்பியாச்சுப்பா" என்றேன்.

"தெரியுங்க சார்."

குழு வந்து போய்விட்டது. இதை ஆதாரமாகக் கொண்டுபோய்க் காட்ட இனி எனக்கு ஆளில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவர்களை உங்களிடம் கூட்டி வருகிறேன்.

தங்கள்
தனபால்