பிளானில் எட்டு அடி

2016 ஜூன் 4, சனி

அலுமாரிகள் இரண்டும் லொறியில் வந்து இறங்கின. அலுமாரி என்று சொல்வதே தவறு. பலகைகள், ஒரு பை நிறையத் திருகாணிகள், எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகம். படத்தில் இருப்பவன் சிரித்துக்கொண்டே பூட்டுகிறான். அவனுக்கென்ன.

எல்லாம் மங்களேஸ்வரிக்காக. மாநகர சபை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் என் பக்கத்து மேசை. இப்போது இருவருக்கும் ஓய்வு. அவளுடைய வாடகை அறையை இந்த மாத முடிவில் விட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வரச்சொல்லித் தம்பி கூப்பிடுகிறார். "ரெண்டு மாசம் உம்மோட இருந்திட்டுப் போறன்" என்றாள்.

என் அம்பிட்டிய வீட்டின் மாடியறை சும்மாதான் கிடக்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு வருகிறவளுக்கு யாராவது இரண்டு அலுமாரி வாங்குவார்களா? நான் வாங்கினேன்.

ஜூன் 5, ஞாயிறு

வத்தேகமவிலிருந்து தச்சு வேலைக்கு வீரய்யா பாஸ் வந்தார். பக்கப் பலகையை நிமிர்த்தினார். முழுதாக நிமிருமுன்பே சீலிங்கில் இடித்தது.

"மிஸ், மேல அளந்து பாத்தீங்களா?"

"பிளான்ல எட்டு அடி இருக்கே."

"அலுமாரிய பிளான்லயா வைக்கப் போறீங்க?"

கட்டிட விண்ணப்பப் பிரிவில் காலம் கழித்தவள் நான். உயரம் வேண்டும் என்றதும் அளவுநாடாவைத் தேடவில்லை. பெட்டியைத் திறந்து வீட்டுப் பிளானை எடுத்தேன். அங்கீகரித்த பிளானில் எட்டு அடி என்றால் எட்டு அடிதான். தகரத்தில் விழும் மழைச் சத்தம் பொறுக்காமல் பிறகு பலகை சீலிங் அடித்தது யார்? நானேதான். பதினொரு வருடமாக அதன் கீழேதான் துணி உலர்த்துகிறேன். அறை இப்போது ஆறடி எட்டு அங்குலம். அலுமாரி ஏழடி.

ஜூன் 6, திங்கள்

வெட்டாமல் கொடுத்தால் பதினெட்டாம் திகதி வரை திருப்பி எடுப்பார்களாம். கடையில் சொன்னார்கள்.

வீரய்யாவிடம் கேட்டேன். "வெட்டலாம் மிஸ். ஆனா இது தூளை அமுக்கிச் செஞ்ச பலகை. ஒருக்கா பூட்டினா அதோட சரி. கழட்டித் திரும்பப் பூட்டினா ஆணி பிடிக்காது. அவங்க இங்கயே இருக்கப் போறாங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 7

கேட்கவில்லை.

ஜூன் 11, சனி

மங்களேஸ்வரியோடு தொலைபேசியில் பேசினேன். அலுமாரிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊரில உள்ள வீடெல்லாத்துக்கும் குறை பிடிச்ச ஆள் நீர்" என்றாள். பிறகு, "எனக்காக ஒண்டையும் வெட்டாதையும். ரெண்டு மாசந்தானே, உடுப்பு சூட்கேசுக்குள்ளயே கிடக்கட்டும்."

கிடக்கட்டும். எனக்கென்ன.

இருபத்தெட்டு வருஷம் என் சாப்பாட்டுப் பெட்டியில கை வச்சுச் சாப்பிட்டவ, இப்ப விருந்தாளியாம் — ரெண்டு மாசமாம் —

இங்கேயே இரு என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வருகிறதா உனக்கு, பரிமளம்? விண்ணப்பம் மேசைக்கு வந்தால்தான் பார்ப்பாய் போலிருக்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். வேறொன்றுமில்லை. இந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

ஜூன் 17, வெள்ளி

நாளை பலகைகளைக் கட்டிக் கடைக்கே திருப்பிக் கொடுக்க வீரய்யாவை வரச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 18, சனி

வீரய்யா பலகைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு மங்களேஸ்வரி வந்து நின்றாள். "சும்மா அறையைப் பாத்திட்டுப் போக வந்தனான்."

சொல்ல வேண்டியதை எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்: "நீங்க இங்கயே இருந்தீங்கன்னா வெட்டச் சொல்றேன். இல்லாட்டி ரெண்டு மணிக்கு லொறி வருது." சட்டவிரோதக் கட்டிடத்துக்கு நோட்டீஸ் ஒட்டியது மாதிரி.

அவள் பக்கப் பலகையைத் திரும்ப வெளியே எடுக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தினாள். ஆள் ஐந்தடிகூட இல்லை.

"பாஸ், மேல் தட்டு எனக்கு எட்டாது. தினம் தினம் கதிரையில ஏறி எடுக்கவோ? இதில வெட்டுங்கோ."

ஆறடியில் பென்சில் கோடு விழுந்தது. வீரய்யா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தேநீர் போடுவதாகச் சொல்லிக் கீழே இறங்கி, அடுப்பங்கரையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 26, ஞாயிறு

தேநீருக்குக் கூப்பிடப் படியேறியபோது நேற்று சூட்கேசோடு வந்துவிட்ட மங்களேஸ்வரி தம்பியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்பது தவறுதான். கேட்டேன்.

"வரமாட்டன் எண்டு நான் சொல்லேல்லையே தம்பி. இந்த அலுமாரியைக் கழட்ட ஏலாதாம். நான் என்ன செய்யிறது?"

சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். சற்று நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தம்பி சுகமாம்" என்றாள். "சந்தோஷம்" என்றேன்.